இரவல் தஸ்தக்

தர்மத்துக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்தை மறந்ததனால் ஒரு ராஜ்யமே கைமாறியிருக்கிறது என்று நான் சொன்னால், "கதை எழுதுகிறவர்களுக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்வதே வழக்கம்" என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், கடைசி வரையில் படித்துவிட்டுச் சிரிக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் தர்மத்தைப் பார்க்கலாம். அரியலூருக்குத் தெற்கே போய்க் கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சைச் சீமை. அங்கே ராமேசுவரம் போகும் வழி நெடுகிலும் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். 1801ல் சரபோஜி மன்னர் அந்தச் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். இன்ன குலத்தார் என்ற பேதமின்றி வழிப்போக்கர் எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு. நடுநிசியில் ஒரு மணி அடிப்பார்கள். பகலில் ஏதோ காரணத்தால் சாப்பிட வர முடியாமல் போனவர்கள் யாராவது இருந்தால், அந்த மணியோசை கேட்டு வரலாம். வந்தவனிடம், "நீ எந்த ஊர்? யார் அனுப்பினார்கள்? சீட்டு இருக்கிறதா?" என்ற கேள்வி கிடையாது. பசித்திருக்கிறான் என்பதே அவன் கொண்டுவந்த சீட்டு. தர்மம் என்பது அதுதான். அதை யார் வேண்டுமானாலும் பெற்றுக் கொள்ளலாம்.

சலுகை அப்படிப்பட்டதல்ல. சலுகை ஒரு வியாபார ஒப்பந்தம். இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காக என்று பெயர் சொல்லிக் கொடுப்பது. பெயரை எடுத்துவிட்டால் சலுகையும் போய்விட வேண்டியதுதான் நியாயம்.

ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்ப்பதற்காகச் சமீபத்தில் பெரம்பலூர் போயிருந்தேன். அந்தப் பக்கத்து விடுதிகளுக்கு இப்போது நல்ல காலம். பெரம்பலூர் 1995லும், அரியலூர் முடிவாக 2007லும் தனி மாவட்டங்களாயின. உத்தியோகஸ்தர்களின் போக்குவரத்து அதிகமாயிற்று. அரியலூரின் பூமிக்கடியிலோ, பழங்காலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அரசாங்க சிமெண்டு ஆலை 1979ல் தொடங்கியது. பிறகு பெரிய தனியார் ஆலைகளும் வந்தன. எஞ்சினியர்கள், இயந்திரம் பழுது பார்ப்பவர்கள், கணக்குத் தணிக்கைக்காரர்கள் என்று மாதம் முழுவதும் ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்களுக்கு அறை வேண்டாமா?

இங்கேதான் சலுகை வருகிறது. ஒரு கம்பெனி விடுதிக்காரரிடம், "வருஷத்தில் இத்தனை நாள் எங்கள் ஆட்கள் உங்களிடம் தங்குவார்கள், வாடகையைக் குறையுங்கள்" என்று பேசுகிறது. விடுதிக்காரர் 1,500 ரூபாய் அறையை 1,100க்கு ஒப்புக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடையாளமாக நாலைந்து எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு. கைப்பேசியில் அறை பதிவு செய்யும்போது அந்தக் குறியீட்டைப் போட்டால் வாடகை தானாகக் குறையும். போடுகிறவர் யார் என்று கைப்பேசிக்குத் தெரியாது. அதனால்தான் அந்தக் குறியீடு நண்பருக்கு நண்பர், மைத்துனருக்கு மைத்துனர் என்று கைமாறி ஊரெல்லாம் உலாவுகிறது.

நான் தங்கிய விடுதியில் ஓர் இளைஞர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். மானேஜர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "கம்பெனி அடையாள அட்டை காட்டுங்க தம்பி" என்றார்.

"அட்டை எதுக்கு அண்ணே? ரூம்தான் புக் ஆயிடுச்சே!"

"இந்த ரேட்டு அந்தக் கம்பெனி ஆளுங்களுக்குத்தான் தம்பி. பில்லும் அவங்க கணக்குலதான் சேரும். அட்டை இல்லேன்னா முழு வாடகை ஆகும்."

இளைஞர் குரலை உயர்த்தினார். அருகே நாற்காலியில் ஒரு சின்ன வெங்காய வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவர் எந்தக் குறியீடும் அறியாதவர். முழு வாடகையை எண்ணி வைத்துவிட்டுச் சாவிக்காகக் காத்திருந்தார். என் மனம் என்னவோ அந்த வியாபாரியிடமே போயிற்று. அவரைப் பார்த்ததும் எனக்கு வங்காளத்தின் ஞாபகம் வந்தது.

வங்காளம் எங்கே, பெரம்பலூர் எங்கே என்று கேட்கிறீர்களா? இரண்டுக்கும் பொதுவான மனிதர் ஒருவர் உண்டு. 1751ல் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை நோக்கி வந்தபோது, ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் வாலிகண்டபுரத்துக்கும் அருகே ஆங்கிலேயர் அவர்களை எதிர்கொண்டார்கள். அந்த ஆங்கிலப் படைக்கு உணவுப் பொருள் சேகரித்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவருக்கு வயது 25. ராபர்ட் கிளைவ் என்று பெயர். 1744ல் ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் சென்னைக் கோட்டைக்குக் குமாஸ்தாவாக வந்தவர் அவர். 5 பவுனில் ஒரு வெள்ளைக்காரர் எப்படி வாழ்வார்? கும்பெனிக்கும் அது தெரியும். ஆகவே, "சொந்தமாகவும் வியாபாரம் செய்துகொள்" என்று ஊழியர்களை விட்டிருந்தது. வினை அங்கேதான் விளைந்தது.

1717ல் டில்லிச் சக்கரவர்த்தி பரூக்சியர், கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஒரு பர்மான் வழங்கினார். வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டால், வங்காளத்தில் கும்பெனி சரக்குக்குச் சுங்கம் கிடையாது. சரக்கோடு போகிறவன் சுங்கச்சாவடியில் காட்டுவதற்காகக் கல்கத்தாக் கோட்டை அதிகாரி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுக்குத்தான் தஸ்தக் என்று பெயர். இன்றைய கம்பெனிக் குறியீட்டின் முப்பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

தஸ்தக் கும்பெனியின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு உரியது. ஆனால் ஊழியர்கள் தங்கள் சொந்தச் சரக்குக்கும் அதைக் காட்டினார்கள். உப்பு, பாக்கு, புகையிலை என்று உள்நாட்டு வியாபாரத்திலும் புகுந்தார்கள். போதாததற்கு, உள்ளூர் வியாபாரிகள் சிலருக்கு அந்தச் சீட்டை விலைக்கும் விற்றார்கள். சாவடிக்காரன் என்ன செய்வான்? சீட்டில் முத்திரை இருக்கிறது. சரக்கு யாருடையது என்று எப்படி அறிவான்? கேட்டாலும் அடி விழும். 1756ல் நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயர்மீது படையெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்தத் தஸ்தக் மோசடியும் ஒன்று. அடுத்த வருஷமே பிளாசிச் சண்டை நடந்தது. கிளைவின் நட்சத்திரம் உதயமாயிற்று.

அதன் பிறகு கேட்பானேன்? 1762ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கங்கை வழியே பிரயாணம் செய்தபோது, வழியெல்லாம் படகுகளில் ஆங்கிலக் கொடி பறப்பதைக் கண்டார். அந்தக் கொடிகளெல்லாம் கும்பெனியின் நியாயமான வியாபாரத்துக்காகப் பறந்தவை என்று அவராலேயே நம்ப முடியவில்லை. பல இடங்களில் அவருடைய கோஷ்டி வருவதைக் கண்டதும் ஜனங்கள் கடையை அடைத்துவிட்டு ஓடினார்கள்.

அப்போது நவாபாக இருந்த மீர் காசிம் பொறுமையாகத்தான் முறையிட்டார். கவர்னர் வான்சிட்டார்ட் அவருடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: ஆங்கிலேயரின் சொந்தச் சரக்குக்கு 100க்கு 9 வீதம் சுங்கம். சுதேசி வியாபாரிகள் இதைவிடப் பல மடங்கு செலுத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த 9ஐயும் கல்கத்தாக் கவுன்சில் ஏற்க மறுத்தது. உப்புக்கு மட்டும் இரண்டரை கொடுப்போம் என்றது. 1763ல் மீர் காசிம் வேறொரு காரியம் செய்தார். "இனி யாருக்குமே சுங்கம் கிடையாது, சுதேசியும் விதேசியும் ஒன்றே" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கும்பெனி ஊழியர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்களுக்கும் சுங்கம் இல்லைதானே! ஆனால் அவர்கள் கொதித்தெழுந்தார்கள். மற்றவன் சுங்கம் கட்டினால்தான் தங்கள் தஸ்தக்குக்கு மதிப்பு என்பது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று. யுத்தம் மூண்டது. 1764 அக்டோபர் 22ந் தேதி பக்சாரில் மீர் காசிமின் கூட்டணி தோற்றது. 1765ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையே கும்பெனியின் கைக்குப் போயிற்று. முழுச் சுங்கம் கட்டிக் கட்டி நொடித்துப்போன சின்ன வியாபாரிகள் எத்தனை பேரோ! ஐயோ பாவம், அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

விடுதி அறையில் 400 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கும் பக்சார் யுத்தத்துக்கும் முடிச்சுப் போடுவது அதிகம்தான். இரவல் சலுகையினால் இப்போது யாரும் ராஜ்யம் இழப்பதில்லை. ஆனாலும் கணக்கு அதே கணக்குதான். குறைந்த வாடகையில் தங்குகிறவர்கள் பெருகினால், விடுதிக்காரர் அதை யார் தலையில் ஏற்றுவார்? கம்பெனியும் தெரியாது, குறியீடும் தெரியாது என்று வந்து நிற்கும் வெங்காய வியாபாரியின் தலையில்தான்.

இரவல் வாங்கியவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அகாலத்தில், குழந்தை குட்டிகளோடு போய் இறங்கும்போது அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் முழு வாடகை கேட்கலாம். அறையே இல்லை என்றும் சொல்லலாம். முன்பணம் திரும்பாமலும் போகலாம். தங்கிய விவரம் கம்பெனியின் கணக்குக்குப் போனால், 'இவர் யார்?' என்ற கேள்வி பிறக்கும். குறியீட்டைக் கொடுத்த நண்பரின் உத்தியோகத்தில் போய் முடியலாம். 400 ரூபாய்க்கு ஒரு சிநேகிதனின் சோற்றில் கை வைக்கலாமா? சொந்தக் கம்பெனியின் குறியீடாகவே இருந்தாலும், ஆபீஸ் வேலைக்கு மட்டுமா, குடும்பத்தோடு போகும் யாத்திரைக்கும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நலம். சில ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை.

நம்மவர்களுக்குப் பேரம் பேசக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. கத்தரிக்காய்க்குப் பேசுகிறோம்; பட்டுப் புடவைக்குப் பேசுகிறோம். "ஐயா, இரண்டு நாள் தங்கப் போகிறேன், கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று விடுதியிலும் நம் சொந்தப் பெயரிலேயே கேட்டுப் பார்க்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. குறைத்தால் லாபம், குறைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. அட்டை கேட்பார்களே என்ற பயமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.