மூடிய பணிமனையும் ஓடிய வண்டிகளும்: 1928 தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

2022 ஜூன் 21 அன்று பிரித்தானியாவில் ஏறத்தாழ 40,000 இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வழக்கமான சேவையில் ஐந்தில் ஒரு பங்கே அன்று நடைபெற்றது. இருப்புப்பாதைகளில் பாதியளவு மட்டும், காலை 7.30 முதல் மாலை 6.30 வரை திறந்திருந்தது. நான் வாழும் மிச்சம் உள்ளிட்ட தென் இலண்டன் பகுதிகள், பழுதில்லாத வண்டிகள் சும்மா நிற்பதைக் கண்டன. கைகாட்டி நிலையங்களில் போதிய ஆட்கள் இல்லாமையே முதன்மைத் தடையாக இருந்தது. ஒரு நிறுவனத்திடம் எத்தனை வண்டிகள் உள்ளன என்பது வேறு, குறித்த நாளில் எத்தனையை ஓட்ட இயலும் என்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கொண்டு 1928ஆம் ஆண்டுத் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தை மீண்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொன்மலையும் ஆட்குறைப்பும்

தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் இயக்குநர் அவை இலண்டனில் இருந்தது. நிருவாகத் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் இயங்கியது. மீட்டர் பாதை வண்டிகளுக்கு நாகப்பட்டினத்திலும், அகலப் பாதை வண்டிகளுக்குப் போத்தனூரிலும் பணிமனைகள் இருந்தன. இவ்விரண்டின் வேலைகளையும் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலையில் புதிதாக எழுப்பிய பெரும் பணிமனையில் ஒருங்கிணைக்கக் கம்பெனி முடிவு செய்தது. புதிய இயந்திரங்கள் வந்தபின் தொழிலாளர் பலர் மிகையெனக் கருதப்பட்டனர். 3,000க்கும் மேற்பட்டோரை நீக்கும் திட்டம் வெளிப்பட்டதும் எதிர்ப்பு மூண்டது. 1928 ஜூன் இறுதியில் பணிமனைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கம்பெனி கதவடைப்பை அறிவித்தது.

இரு கடிகாரங்கள்

கதவடைப்புத் தொடங்கிய பின்னும் இரயில்கள் ஓடின. நீராவி எஞ்சினின் பராமரிப்பு முறையே இதனை விளக்கும். கொதிகலனைக் கழுவுதல், சாம்பல் அகற்றுதல், அச்சுகளுக்கு எண்ணெயிடுதல் போன்றவை லோகோ ஷெட்டுகளில் நாள்தோறும் அல்லது சில நாட்களுக்கு ஒருமுறை நடப்பவை. எஞ்சினை முழுதும் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலையோ ஆண்டுகள் இடைவெளியில் பெரிய பணிமனைக்கு வருவது. ஆகவே லோகோ ஷெட் நின்றால் சில நாட்களில் வண்டி நிற்கும். பணிமனை நின்றால், பழுதாகி ஒதுக்கப்படும் எஞ்சின்களின் எண்ணிக்கை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே உயரும். தொழிலாளியின் வீட்டு அடுப்போ அத்தனை மாதங்கள் காத்திராது.

மேலும், கம்பெனி குறைக்க விரும்பியதும் பணிமனை ஆட்களையே. கதவடைப்புக் காலத்தில் அவர்களுக்குரிய கூலி அதற்கு மிச்சமாயிற்று. எனவே போராட்டத்தைப் பாதைக்குக் கொண்டுசெல்வதன்றித் தொழிலாளருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே என் துணிபு. ஜூலை 19 நள்ளிரவில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது.

பத்து நாட்கள்

ஓட்டுநர், ஃபயர்மேன், கார்டு, பாய்ண்ட்ஸ்மேன் ஆகியோரின் கடிகாரம் விரைவானது. அவர்கள் விலகினால் அன்றே வண்டி நிற்கும். எனினும் கம்பெனிக்கும் இருப்பு ஒன்று இருந்தது. மெயில் வண்டிகளை ஓட்டும் உயர்பணிகளில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே இருந்தனர். துணைப்படையில் சேர்ந்து பயிற்சி பெறும் கடமையும் அவர்களுக்கு இருந்தது. இத்தகைய நிலையில் எல்லா வண்டிகளையும் ஓட்ட வேண்டியதில்லை. தெரிந்தெடுத்த சிலவற்றைக் காவலுடன் ஓட்டினாலே இரயில்வே இயங்குகிறது என்ற தோற்றம் நிலைக்கும். அகலப் பாதை எஞ்சினை மீட்டர் பாதைக்கு மாற்ற முடியாமை கம்பெனிக்கு ஓர் இடர்ப்பாடுதான். ஆயினும் ஓட்டுவது சிலவே என்னும்போது அது பெரிதாக உறுத்தாது.

ஜூலை 23 அன்று சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைது செய்யப்பட்டனர். ஜூலை 30 அன்று போராட்டம் கைவிடப்பட்டது.

1974: ஓர் ஒப்பீடு

1974 மே 8 அன்று இந்தியா முழுவதும் தொடங்கிய இரயில்வே வேலைநிறுத்தத்தில் இதே உத்தி பேரளவில் வெளிப்பட்டது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் மே 2 அன்றே கைதானார். அரசு பயணிகள் வண்டிகள் பலவற்றை நீக்கி, அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரிக்கும் உணவுதானியத்துக்கும் முன்னுரிமை அளித்தது. பிரதேச இராணுவத்தின் இரயில்வே பிரிவுகளும் அழைக்கப்பட்டன. மே 27 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எதை ஓட்டுவது, எதை விடுவது என்று தெரிவு செய்யும் உரிமை நிருவாகத்தின் கையில் இருந்தவரை, குறைந்த ஆட்களும் குறைந்த வண்டிகளும் அதற்குப் போதுமாயின.

முடிவுரை

1928 போராட்டத்தின் தோல்வியைத் தலைவர்களின் கைதோடும் காவல்துறையின் அடக்குமுறையோடும் மட்டும் இணைத்துக் கூறுவது வழக்கம். அவை உண்மையே. ஆனால், வண்டியை உருவாக்கிச் செப்பனிடும் கைகளுக்கு வண்டியை நிறுத்தும் ஆற்றல் உடனடியாக இல்லை என்னும் உண்மையும் உடன் வைத்து எண்ணத்தக்கது. பொன்மலைத் தொழிலாளர் தம் வேலைக்காகப் போராடினர். அவர்களுக்குத் துணைநின்ற ஓட்டுநரும் பாய்ண்ட்ஸ்மேனும் தம் வேலையையே பணயம் வைத்தனர். இவ்விரண்டாம் வகையினரின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியதாகும்.