1897: ஒரு நிலநடுக்கமும் அதன் நிழற்படங்களும்

1897 ஜூன் 12ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணியளவில் ஷில்லாங் பீடபூமி அதிர்ந்தது. ஷில்லாங் நகரின் கற்கட்டடங்கள் ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமாயின. 1,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் தம் துறையினருடன் மேற்கொண்ட கள ஆய்வு 1899இல் பெருநூலாக வெளிவந்தது. அந்நூலின் நிழற்படங்கள் இன்றும் பாடநூல்களிலும் இணையத்திலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. அவை எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லவில்லை என்பது புவி அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, சான்றுகளைக் கையாளும் எவர்க்கும் உரிய வினா.

நிலநடுக்க ஆய்வுக்கு நிழற்படத்தைப் பயன்படுத்தும் முறை ஓல்டாமுக்கு முன்பே தோன்றிவிட்டது. 1857 டிசம்பரில் தென்னித்தாலியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேலட், இடிபாடுகளின் படங்களைச் சேர்த்து 1862இல் தம் அறிக்கையை வெளியிட்டார். சுவரின் விரிசலும் தூண் விழுந்த திசையும் அதிர்வின் போக்கைக் காட்டும் என்பது அவர் கருத்து. இவ்வாறு, அழிவின் காட்சியாக இருந்த படம் அளவீட்டின் துணையாயிற்று.

ஓல்டாமின் நூலில் பெரிதும் அறியப்பட்ட படங்களுள் ஒன்று, இன்றைய வங்கதேசத்தின் சாத்தக் என்னும் ஊரில் இருந்த, சுண்ணாம்பு வணிகர் ஜார்ஜ் இங்கிலிஸின் நினைவுத் தூண். அதன் உச்சி முறிந்து விழுந்தது. எஞ்சிய பகுதியிலும் மேற்பாகம் கீழ்ப்பாகத்தின் மீது திருகியதுபோல் திரும்பி நின்றது. இக்காட்சியைச் சொற்களால் விளக்குவது கடினம். படம் அதை ஒரு நொடியில் உணர்த்திவிடும். ஆயினும் தூண் எத்திசை நோக்கி, எத்தனை பாகை திரும்பியது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. அதற்குத் திசைகாட்டியும், களத்தில் எழுதப்பட்ட குறிப்பும் வேண்டும். மொழியில் 'இது', 'அங்கே' போன்ற சுட்டுச்சொற்கள் பேசுவோரின் இடமும் நேரமும் தெரிந்தாலன்றிப் பொருள் தருவதில்லை. நிழற்படமும் அத்தகையதே, இடம், நாள், நோக்கிய திசை, அளவு ஆகிய நான்கும் இல்லாத படம் சுட்டுவதோடு நின்றுவிடும்.

செட்ராங் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காணப்பட்ட பிளவு இதற்கு இன்னொரு சான்று. அங்கே பிளவின் ஒருபுறம் நிலம் மறுபுறத்தைவிட 35 அடி வரை உயர்ந்தது. ஆறு பிளவைக் கடந்த இடங்களில் சில புதிய அருவிகளாயின. நீர் தடைப்பட்ட இடங்களில் குளங்கள் தோன்றின. தனியே ஓர் அருவியின் படத்தைக் காண்பவர் அதை இயற்கை எழிலாகவே கொள்வார். அந்த அருவி நிலநடுக்கத்திற்கு முன் அங்கே இல்லை என்னும் செய்திதான் அதைப் புவியியல் சான்றாக்குகிறது.

படத்திற்கு எட்டாத சான்றுகளும் இருந்தன. ஓல்டாமின் வேண்டுகோளின்படி நில அளவைத் துறையினர் பழைய முக்கோண அளவை நிலையங்கள் சிலவற்றை மீண்டும் அளந்தனர். அவற்றின் உயரமும் இடைத்தொலைவும் மாறியிருந்தன. மலைகளே இடம்பெயர்ந்ததை எந்த ஒற்றைப் படமும் காட்டியிராது. தொலைநாட்டுக் கருவிகளில் பதிவான அதிர்வுக் கோடுகளை ஆராய்ந்த ஓல்டாம், மூவகை அலைகளை வேறுபடுத்திக் காட்டினார். அவ்வழியே தொடர்ந்து, 1906இல் புவிக்கு ஒரு கருவம் உண்டென்பதற்கான சான்றை முன்வைத்தார். அக்கோடுகளும் ஒருவகைப் படங்களே. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின் படங்கள்.

மற்றொரு மௌனமும் உண்டு. உயிரிழந்தோரில் பெரும்பகுதியினர் காசி, ஜயந்தியா மலைப்பகுதி மக்கள். மண்சரிவுகள் அங்கே பெருஞ்சேதம் விளைவித்தன. சரிவின் வடுவைப் படம் காட்டும். அதன் அடியில் புதைந்த குடியிருப்பைக் காட்டுவதில்லை. வணிகரின் தூணுக்குப் பெயருண்டு, படமுண்டு; மலைமக்களின் இழப்போ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எஞ்சியது. படங்களை மட்டும் புரட்டுபவர் இந்நிலநடுக்கத்தைக் கட்டடங்களின் வரலாறாகவே புரிந்துகொள்ள நேரிடும்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2001இல், ரோஜர் பில்ஹாமும் பிலிப் இங்கிலாந்தும் அந்தப் பழைய அளவைப் பதிவுகளை மீண்டும் கணக்கிட்டு, பீடபூமியின் வட விளிம்பில் புதைந்திருக்கும் ஒரு பிளவே அதிர்வுக்குக் காரணம் என்று விளக்கினர். அப்பிளவுக்கு ஓல்டாமின் பெயரையே இட்டனர். தொடக்கத்தில் முறையாகக் குறித்துவைத்தமையால்தான் இந்த மறுவாசிப்பு இயன்றது. இன்று ஒவ்வொரு நிலச்சரிவுக்கும் நிலநடுக்கத்துக்கும் பின்னர்க் கைப்பேசிகளில் படங்கள் குவிகின்றன. இடமும் நாளும் திசையும் அளவும் உடன் எழுதப்பட்டவையே அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளர்க்குப் பயன்படும்.