எல் ஷேப் ஹாலுக்கு எல் ஷேப் சோபாவா? வாங்குறதுக்கு முன்னாடி தரையில டேப் ஒட்டிப் பாருங்க!

மெயின் டோரைத் திறந்தால் நேராக டைனிங். அதன் பக்கத்தில் கிச்சன். இடதுபக்கம் திரும்பினால் ஹால். ஹாலின் நீளச் சுவரில் இரண்டு பெட்ரூம் கதவுகள், கடைசியில் பால்கனி. மேலே இருந்து பார்த்தால் 'ட' எழுதி வைத்த மாதிரி இருக்கும். சென்னைப் புறநகரில் 2 பிஹெச்கே தேடி அலைந்தவர்களுக்கு இந்த பிளான் மனப்பாடம். புரோஷரில் இதற்குப் பெயர் 'லிவிங் கம் டைனிங்'.

எங்க வீடும் இதேதான். 'எல் ஷேப் ஹாலுக்கு எல் ஷேப் சோபாதானே பொருத்தம்'னு இஎம்ஐ-யில் ஒன்றை வாங்கிப் போட்டோம். கடையில் அம்சமாக இருந்த சோபா, வீட்டுக்கு வந்ததும் வழிமறித்து உட்கார்ந்துகொண்டது. கிச்சனுக்குப் போக ஒருக்களித்துத்தான் போகணும். பால்கனி கதவு பாதிதான் திறக்கும். எட்டே மாதத்தில் பாதி விலைக்கு விற்றோம். இஎம்ஐ மட்டும் அதற்குப் பிறகும் நாலு மாதம் ஓடியது!

பழைய வீடுகளில் நடக்க ரேழி, உட்காரக் கூடம் என்று தனித்தனியாக இருந்தன. ஃப்ளாட்டில் இரண்டையும் கலந்து 'ஹால்' என்று கொடுத்துவிடுகிறார்கள். அதனால் சோபா எங்கே என்று யோசிப்பதற்கு முன்னால், உங்க ஹாலுக்குள் ஒளிந்திருக்கும் ரேழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல்ல ரேழி!

ஒரு ரோல் மாஸ்கிங் டேப், ஒரு இன்ச் டேப், பழைய பேப்பர் கட்டு. இது போதும். மெயின் டோரிலிருந்து கிச்சன், பெட்ரூமிலிருந்து கிச்சன், பாத்ரூம், துணி காயப்போடும் பால்கனி... வீட்டில் எல்லோரும் தினமும் நடக்கிற வழிகளைத் தரையில் டேப்பால் ஒட்டுங்க. அடிக்கடி நடக்கிற வழிக்கு 3 அடி அகலம் வேணும். எப்போதாவது போகிற இடத்துக்கு 2 அடி போதும்.

டேப்புக்கு வெளியே மிச்சம் இருப்பதுதான் உங்க கூடம். வாங்க நினைக்கிற சோபாவின் அளவுக்கு அங்கே பேப்பரை விரித்து, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்க. மூன்று பேர் உட்காரும் சோபா பெரும்பாலும் 6.5 முதல் 7 அடி நீளம், 3 அடி ஆழம் இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்கப் போகும்போதும் பேப்பரில் கால் படவில்லை என்றால், அந்த இடம் ஓகே.

சோபாவோட முதுகுதான் சுவர்

நம்மில் பலருக்கு சோபா என்றாலே சுவரோடு ஒட்டித்தான் போடணும். இந்த ஹாலில் அதுதான் சிக்கல். எங்க கணக்கையே சொல்கிறேன். ஹால் பகுதி 16 அடி நீளம், 10 அடி அகலம். பெட்ரூம் கதவுகள் இருக்கிற சுவரை ஒட்டி 3 அடி, ரேழிக்குப் போய்விட்டது. சோபாவை எதிர்ச்சுவரில் ஒட்டிப் போட்டு, டிவியை பெட்ரூம் பக்கச் சுவரில் மாட்டினால், நடக்கிற ஒவ்வொருவரும் டிவிக்கும் நமக்கும் நடுவில்தான் போகணும். கடைசி ஓவரில் அப்பா குறுக்கே நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியே திருப்பிப் போட்டோம். சோபாவின் முதுகு ரேழியைப் பார்க்கிறது, முகம் எதிர்ச்சுவரைப் பார்க்கிறது, டிவியும் அந்தச் சுவரில். ரேழிக்கு 3 அடி, சோபாவுக்கு 3 அடி, முன்னால் 4 அடி. உட்கார்ந்தால் கண்ணுக்கும் டிவிக்கும் ஏறக்குறைய 6 அடி. 4கே டிவி என்றால், திரை அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி உட்காரலாம். 43 இன்ச்சுக்கு ஐந்தரை அடி, 55 இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 7 அடி. ஆக, ஆஃபரில் வந்தாலும் 55 எங்களுக்கு வேண்டாம். டீபாய்க்கும் இடமில்லை, அதற்குப் பதில் சோபா ஓரத்தில் ஒரு முக்காலி. டிவியை பால்கனிக்கு நேர் எதிரே மாட்டாதீங்க. பகல் முழுக்கத் திரையில் வானம்தான் தெரியும்.

இதில் ஒரு போனஸும் கிடைத்தது. ஃபேன் ஹாலுக்கு நட்டநடுவில் இருப்பதால், சோபா இப்போது அதற்கு நேர் கீழே வந்துவிட்டது. வெளிநாட்டு டிசைன் வீடியோக்களில் ஃபேனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மே மாதம் நம்ம ஊரில், காத்து வராத சோபாவில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சோபா சுவரை விட்டு விலகி நிற்பதால் சார்ஜர் வயர் ரேழியைத் தாண்டக் கூடாது. டிவி பக்கத்து பிளக் பாயின்ட்டைப் பயன்படுத்துங்க.

சுவர் இல்லாமல் இடத்தைப் பிரிப்பது புது விஷயமும் இல்லை. 1910-ல் முடிந்த சிகாகோவின் ராபி ஹவுஸில், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் லிவிங்கையும் டைனிங்கையும் ஒரே நீள வெளியாக வைத்தார். நடுவில் கணப்பு அடுப்பு மட்டும். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உயரமான முதுகு வைத்த நாற்காலிகள். உட்கார்ந்தால் அறைக்குள் இன்னோர் அறை!

டைனிங்ல ஆறு சீட் ஆசை

எங்க டைனிங் பகுதி 8 அடிக்கு 9 அடி. 4 அடிக்கு 2.5 அடி மேஜையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டினோம். நாற்காலியை இழுத்து எழுந்திருக்க 2.5 அடி விட்டாலும், கிச்சனுக்குப் போக 3 அடி மிச்சம். முன்னால் இருவர், ஓரங்களில் ஒவ்வொருவர் என நாலு பேர் சாப்பிடலாம். ஆறு சீட் மேஜை என்றால், ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் குழம்பு எடுத்துவர முடியும். வாஷ் பேசின் இந்தப் பகுதியில்தான் இருக்கும். அதன் முன்னால் நாற்காலியின் முதுகு வராமல் பார்த்துக்குங்க, நனைந்து நனைந்தே கால் உப்பிவிடும். பூஜை அலமாரி இருந்தால், அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து எழுகிற அளவுக்கு இடம் விடுங்க.

திருப்பத்தில் துருத்திக்கொண்டிருக்கும் தூணை மறைக்க முயல வேண்டாம். அதன் பக்கவாட்டில் 9 இன்ச் பள்ளம் கிடைக்கும். ஆழம் குறைந்த ஷூ ரேக், புத்தக அலமாரி அங்கே கச்சிதமாக அடங்கும். சில ஃப்ளாட்டில் ஒரு சுவர் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த மூலையில் செடியோ வட்ட மேஜையோ வையுங்க, சோபாவை மட்டும் சாய்க்காதீங்க. வாஸ்து பார்க்கிற வீடு என்றால், டேப் ஒட்டும்போதே பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க. சோபா வந்து இறங்கிய பிறகு பஞ்சாயத்து வேண்டாம்.

சோபா கம் பெட் வாங்குறவங்க, மடித்த அளவை மட்டும் பார்க்காமல் விரித்த அளவையும் பேப்பரில் விரித்துப் பாருங்க. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ஹால்தான் பெட்ரூம். அன்றைக்கும் பாத்ரூம் போகும் வழி அடைபடக் கூடாது.

கடைசியாக, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் லிஃப்ட் கதவின் அகலம், உயரம், படிக்கட்டுத் திருப்பம், உங்க மெயின் டோர், நாலையும் அளந்து போனில் குறித்து வையுங்க. கால்களைக் கழற்ற முடியுமா, பிரித்து எடுத்துவந்து மாட்டித் தருவார்களா என்று கடையில் கேளுங்க. இல்லையென்றால் நாலாவது மாடிக்குக் கயிறு கட்டி பால்கனி வழியாகத்தான் ஏற்றணும், அந்தக் கூலி தனி.