40503-ஆம் எண் படகு

1972-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 40503 என்ற எண் கொண்ட ரோந்துப் படகை ஓய்வுக்கு அனுப்பியது. இருபது வருடப் பணி, 11,654 மணி நேர ஓட்டம். கந்தக அமிலம் கலந்த கால்வாயில் உழைத்த படகு. ஒருமுறை தீயணைக்கப் போய் வெந்தும் வந்திருக்கிறது. அதன் உடலை அறுத்துச் சோதித்தார்கள். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. நம்ம ஊரில் ‘ஃபைபர் போட்’ என்கிறோமே, அதே சரக்குதான்.

நாற்பதடிப் படகு அது. அடிப்பகுதியின் கனம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. உள்ளே அலுமினிய விலாக்கள் வேறு. எதற்கு அவ்வளவு? பயம்தான். மரத்தைப் பற்றித் தலைமுறைகளின் கைப்பழக்கம் இருந்தது. 1940களில் படகுக்கு வந்த இந்தப் பொருளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் இன்னும் ரெண்டு அடுக்கு போடு, அவ்வளவுதான் விதி. (சர்வர் வாங்கும்போது நாங்களும் இதையேதான் செய்கிறோம்.) 1960-இல் கிப்ஸ் அண்ட் காக்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புக் கையேடு வந்தது, ஊகத்தின் இடத்தைக் கணக்கு பிடிக்கத் தொடங்கியது.

இன்று 24 மீட்டர் வரையிலான படகுகளுக்கு ஐஎஸ்ஓ 12215 இருக்கிறது. நீளம், எடை, வேகம், எந்த மாதிரிக் கடலுக்குப் போகும் என்று கொடுத்தால், அலை அடிப்பகுதியை எவ்வளவு அழுத்தத்தோடு அறையும், இரண்டு விலாக்களுக்கு நடுவே எத்தனை மி.மீ. வேண்டும் என்று சொல்லிவிடும். விதி துல்லியமாக ஆக ரெசின் மிச்சம். பட்டறையில் ஸ்டைரீன் புகையும் குறையும். அழகான கணக்கு. நான் படித்த பல மென்பொருள் ஆவணங்களைவிட நேர்மையானது. ஆனால் படகு எப்படி உடையக்கூடாது என்பதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதன் காலம் முடிந்த பிறகு என்ன செய்வது என்பது அதில் ஒரு உள்ளீடே இல்லை.

மரம் மக்கும். இரும்பை எடைக்குப் போடலாம். இறுகிய பாலியெஸ்டர் திரும்ப உருகாது. அரைக்கலாம், புதைக்கலாம், சிமெண்ட் சூளையில் போடலாம். அங்கே ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமெண்டோடு சேரும். எதற்கும் காசு வேண்டும், பழைய படகுக்கோ விலை கிடையாது. ஓடையில் விட்டுவிட்டுப் போவதுதான் சுலபம். 2019-இல்தான் பிரான்ஸ், உல்லாசப் படகுகளைக் கழித்துக்கட்டும் செலவை விற்பவர் தலையில் வைத்தது. 40503-ஐ அறுத்துப் பார்த்து 47 வருடம் ஆகியிருந்தது.

2024-இல் பிரைட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கு 11,220 கண்ணாடித் துகள்கள் வரை இருந்தன. குளிர்காலத்தில்தான் அதிகம். கைவிட்ட படகுகள் மட்டும் காரணமில்லை. படகைக் கரையேற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அக்கறையாகப் பெயிண்ட் அடிக்கிற பருவம் அது.