நிர்வாகியர் பயிற்றுவிப்பு

நிர்வாகியர் பயிற்றுவிப்பு என்பது நிறுவனமொன்றில் பொறுப்பு வகிக்கும் ஒருவர், பயிற்றுநர் ஒருவருடன் குறிப்பிட்ட காலத்துக்குத் தனித்து உரையாடித் தமது தலைமைத் திறனை வளர்த்துக்கொள்ளும் முறையாகும். தொழில் வட்டாரங்களில் இது எக்சிக்யூட்டிவ் கோச்சிங் என்ற பெயராலேயே அறியப்படுகின்றது. பாடம் நடத்துவதோ அறிவுரை கூறுவதோ இதில் முதன்மையன்று. கேள்விகள் மூலம் விடையை நிர்வாகியே கண்டடையச் செய்வது பயிற்றுநரின் பணியாகும். பணியின் நடுக்காலத்தில் உள்ளோருக்குத் தாமே செய்வதிலிருந்து பிறரைக் கொண்டு செய்விப்பதற்கு மாறுவதும், மூத்தோருக்குப் பொறுப்பைக் கைமாற்றிக் கொடுப்பதும் இதன் மையப் பொருள்களாக அமைகின்றன.

தோற்றம்

1974-இல் டிமொத்தி கால்வே டென்னிசு ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூல் இத்துறைக்கு வித்திட்டது எனலாம். எதிராளியைவிட ஆட்டக்காரரின் மனத்தில் எழும் ஐயமே பெரிய தடை என்பது அவர் கருத்து. பிரித்தானியக் கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இதனைத் தொழில் நிறுவனங்களுக்குக் கொண்டுசென்றார். 1992-இல் வெளிவந்த அவரது நூலின் வழியாக, இலக்கு, நிலவரம், வழிகள், செய்யப்போவது என நான்கு படிகளில் நகரும் 'குரோ' முறை பரவியது. பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு 1995-இல் அமெரிக்காவில் தோன்றியது.

இந்தியாவில் நடுவயது அதிகாரிகளுக்கான நிர்வாகக் கல்வி இதற்கு முந்தியது. 1956-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரியில், அரசு மற்றும் தனியார் துறை அதிகாரிகள் சிறு குழுக்களாக அமர்ந்து, தமக்குள் விவாதித்துக் கற்றனர்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூரில் 1888-இல் இராபர்ட் இசுடேன்சு நிறுவிய பஞ்சாலையும், 1930களில் வந்த பைக்காரா மின்சாரமும் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டன. இயந்திர அறிவைக் கற்பிக்கும் நிறுவனங்களும் உருவாயின. பூ. சா. கோ. அறநிலையம் 1926-இலும், பஞ்சாலைத் துறைக்கான ஆராய்ச்சி அமைப்பாகிய சிட்ரா 1956-இலும் தொடங்கப்பட்டன. ஆனால் ஆட்களை வழிநடத்தும் கலையைப் பெரும்பாலோர் ஆலைத் தளத்திலேயே, மேஸ்திரியையும் முதலாளியையும் பார்த்துக் கற்றனர்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து சரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூல் இங்கு குறிப்பிடத்தக்கது. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் கூலிக்கு வேலை செய்து, பின்னர் உரிமையாளரானோர் தம் உயர்வுக்குக் காரணமாகத் தமது உழைப்பையே கூறுவதை அவர் பதிவு செய்துள்ளார். இவ்வுயர்வின் மறுபக்கமே பயிற்றுவிப்பில் எதிர்ப்படும் முக்கியச் சிக்கலாகும். எந்த இயந்திரம் நின்றாலும் தாமே சென்று சரிசெய்து வளர்ந்தவர், ஐம்பது வயதிலும் அவ்வாறே செய்தால், கீழுள்ளோர் முடிவெடுக்கக் கற்பதில்லை. அவர் இல்லாத நாளில் வேலை தேங்குகின்றது. இதனை அவருக்கு எடுத்துரைப்பது எளிதன்று. அவரது வாழ்நாள் உழைப்பையே குறை கூறுவதாக அவருக்குத் தோன்றக்கூடும்.

ஆகவே பயிற்றுநர் பெரும்பாலும் சிறிய நிகழ்வொன்றிலிருந்து தொடங்குவார். கடந்த வாரம் உங்களிடம் கேட்காமல் மேலாளர் எடுத்த முடிவு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதபோது, சிக்கலை நிர்வாகியே உணர்கின்றார். அடுத்த சந்திப்புக்குள் ஒரு வேலையை, எடுத்துக்காட்டாக உதிரிப் பொருள் கொள்முதலை, முழுமையாக விட்டுக்கொடுப்பதென முடிவாகும். தவறு நேர்ந்தாலும் அதனைத் திரும்பப் பெறாதிருப்பதே கடினமான பகுதி.

நம்பகமும் வரையறையும்

கட்டணம் செலுத்துவது நிறுவனம், பயிற்சி பெறுவது தனிமனிதர் என்பதால், உரையாடலில் எது வெளியே செல்லலாம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது வழக்கம். குடும்ப நிறுவனங்களில் இது மேலும் நுட்பமானது. தந்தை செலவு செய்ய, மகனோ முப்பது ஆண்டு பணியாற்றிய மேலாளரோ பயிற்சி பெறும்போது, ஒரு சொல் முதலாளியின் காதுக்குப் போனாலும் பயிற்சி அத்துடன் முடிந்துவிடும்.

மேலுள்ளோர், உடனுள்ளோர், கீழுள்ளோர் ஆகியோரிடம் பெயர் வெளியிடாமல் கருத்துத் திரட்டும் முறையும் பயன்படுத்தப்படுகின்றது. எனினும் பத்துப் பேர் மட்டுமே பணிபுரியும் வார்ப்படப் பட்டறையில் யார் என்ன சொன்னார் என்பது உடனே தெரிந்துவிடும். அங்கு இம்முறை பொருந்தாது.

பயிற்றுவிப்பு உளநல மருத்துவத்துக்கு மாற்றன்று. தூக்கமின்மை, மனச்சோர்வு போன்றவை இருப்பின் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. இந்தியாவில் இத்தொழிலுக்கு அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே எவரும் தம்மைப் பயிற்றுநர் என அழைத்துக்கொள்ள இயலும். தனியார் அமைப்புகள் வழங்கும் சான்றிதழ்களின் தரமும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றது.