கோண எழுத்துருவும் தமிழ் வரிவடிவமும்: தென்காசிப் பகுதி ஊர்ப்பெயர்களை முன்வைத்து

முன்னுரை

நேர்கோடும் கூர்முனையும் மிகுந்த தடிப்பும் கொண்ட கோண எழுத்துருக்கள் பெயர்ப்பலகை, திரைப்பட விளம்பரம், நூலட்டை ஆகியவற்றில் இயந்திர யுகச் சாயலைத் தருவன. வளைவே தமிழெழுத்தின் இயல்பு, கோணம் அதற்கு அயலானது என்று கருதுவதுண்டு. கோணம் அயலன்று, எழுத்துகளை வேறுபடுத்தும் உறுப்புகள் சிதைவதே இடர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுதுபொருளும் வடிவமும்

மாங்குளம் முதலிய குகைகளின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் ககரம் சிலுவை வடிவிலும் ரகரம் செங்குத்துக் கோடாகவும் அமைந்தன. பாண்டிநாட்டில் பின்னர் வழங்கிய வட்டெழுத்து, தன் பெயருக்கேற்ப வளைவு மிக்கது. ஓலையில் எழுத்தாணியால் கீறும் வழக்கமே இவ்வளைவைப் பெருக்கியது என்பர். ஆகவே கோணமும் வளைவும் கருவியையும் எழுதுபொருளையும் ஒட்டி மாறியவையே.

அச்சு, தொடக்கத்தில் ஓலை வடிவத்தையே பின்பற்றியது. புளியறையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே செல்லும் சாலை கொல்லத்தை அடைகிறது. அங்குதான் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. கோவாவில் 1577இல் வார்த்த எழுத்துகளும் கொல்லத்தில் வார்த்தவையும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. அச்செழுத்தின் திருத்தம் அன்றே தொடங்கிவிட்டது.

மூன்று ஊர்ப்பெயர்கள்

சுவடிகளில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இல்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், துணைக்காலும் ரகரமும் வேறுபடவில்லை. சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பொருளும் யாப்பும் நோக்கியே பாடத்தைத் துணிந்தனர். தடித்த கோண எழுத்துரு இக்குழப்பத்தை மீண்டும் கொணரக்கூடும்.

‘தென்காசி’ என்பதில் கொம்பின் மேல்வளைவை மூலையாக மடக்கினால் ‘தேன்காசி’ எனப் படிக்க நேரும். ‘குற்றாலம்’ என்பதில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன் ‘றா’ தனிவடிவம் பெற்றிருந்தது. துணைக்கால் பெற்ற இன்றைய வடிவில் ரகரத்தின் அடிக்கோடு தெளிவாக இருந்தால்தான் காலும் ரகரமும் வேறுபடும். ‘புளியறை’ என்பதில் பகரமும் யகரமும் கோணத்திற்கு எளிதில் இசைவன. ளகரத்தின் சுழியும் ஐகாரத்தின் இணைக்கொம்பும் தடிப்பு மிகும்போது உள்வெளி அடைபட்டுக் கறையாகிவிடும்.

நூலில் சொற்சூழல் துணைநிற்கும். ஊர்ப்பலகையில் அத்துணை இல்லை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சார்ந்திருந்த செங்கோட்டை வட்டத்து எல்லையூரான புளியறையில், தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிப்போரும் பலகையையே நம்புவர்.

நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் குரோவெல் 1967இல் வளைவுகளை நீக்கி உருவாக்கிய ‘புதிய அகரவரிசை’ இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கதிர்க்குழாய்த் திரைக்கு ஏற்ப அமைந்த அதன் சில எழுத்துகள் அடையாளம் காண அரியன. பொறிக்கு இசைந்த வடிவம் கண்ணுக்கும் இசைய வேண்டும் என்பதில்லை.

முடிவுரை

கோண எழுத்துருவை ‘படம்’, ‘மடம்’ போன்ற சொற்களால் சோதித்தல் போதாது. அவற்றின் எழுத்துகள் இயல்பாகவே நேர்கோட்டின. கொம்பு, கால், சுழி ஆகிய மூன்றும் தேவைப்படும் சொற்களே தக்க உரைகல். வளைவைக் கோணமாக்கலாம், வேறுபாட்டை அழிக்கலாகாது. இவ்வரம்பைக் காக்கும் எழுத்துரு, கல்லில் தொடங்கிய தமிழ் வரிவடிவ மரபின் தொடர்ச்சியாகவே அமையும்.