புயற்கூண்டு ஏறிய கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடல் நம்மைச் சும்மா விடுவதில்லை. "சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயற்கூண்டு ஏற்றப்பட்டது" என்ற செய்தி காதில் விழுந்ததும் கல்கத்தாத் தமிழர் இல்லங்களில் தொலைபேசி மணி ஓயாது. ஊரில் மழை எப்படி, ஏரி உடைந்ததா, வண்டி ஓடுமா என்று ஒரே விசாரிப்பு! ஆயினும் அந்தக் கூண்டு யாருக்காக ஏற்றப்படுகிறது, மூன்று என்பதன் பொருள் யாது என வினவினால் நம்மிற் பலர் விழிப்போம். இந்திய நாட்டில் அது முதன்முதலில் ஏறிய இடம் நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவே. ஆதலின் அதன் வரலாற்றை இம்மலரில் எழுதுதல் பொருத்தமெனக் கருதினோம்.

கப்பல் தலைவராயிருந்து இந்நகரில் தங்கிவிட்ட ஹென்றி பிடிங்டன் என்பவர், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தார். பாம்பு சுருண்டு கிடப்பதைப் போல் காற்றுச் சுழல்வதைக் கண்டு, கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கி, 1848-இல் வெளியிட்ட தம் நூலில் வழங்கினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அச்சொல் இவ்வூரில் பிறந்தது என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

அக்காலத்தில் மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகமொன்று அமைக்க அரசினர் எண்ணினர். அது வேண்டா, ஒருநாள் புயலலை எழுந்து ஊரையே மூழ்கடிக்கும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பிடிங்டன் எழுதினார். கேட்பார் இல்லை. துறைமுகமும் எழுந்தது, அதற்கென இருப்புப் பாதையும் போடப்பட்டது. பிடிங்டன் 1858-இல் மறைந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. சியால்தாவிலிருந்து கானிங் லோக்கலில் நின்றுகொண்டு பயணம் செய்யும் அன்பர்கள் அறிக: அந்தக் கானிங்தான் இது!

இதற்கு இடையில் பெருங்கேடு ஒன்று நிகழ்ந்தது. 1864 அக்டோபர் 5-ஆம் நாள் ஹூக்ளி முகத்துவாரத்தின் வழியே புயல் ஏறிற்று. வங்கக் கடலின் தலைப்பகுதி ஆழமற்றது; காற்றுத் தள்ளும் நீர் பரவ இடமின்றிப் புனலில் ஊற்றியது போல் ஆற்றில் ஏறிவிடும். அன்று மாண்டோர் ஏறத்தாழ 60,000 பேர் என்பர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் சுமார் 30,000 பேர். காற்றைக் காட்டிலும் நீரே மிகுதியாகக் கொன்றது.

அதன் பிறகுதான் அரசு விழித்தது. தந்தி இருந்தது, கடலோர நிலையங்களின் செய்தியைத் தந்தியில் பெற்று, 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் அடையாளம் ஏற்றலாயினர். 1875-இல் வானிலைத் துறை தோன்றியது. 1898-இல் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே முறை வகுக்கப்பட்டது. பகலில் நீளுருளையும் கூம்பும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள்.

இவ்வெண்களைக் காய்ச்சல் அளவைப் போல் நம்மவர் படிப்பது தவறு. ஒன்றும் இரண்டும் தொலைவில் புயல் உண்டு என்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே காற்று மழை நேரலாம் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு அபாயம், எட்டு முதல் பத்து பெரும் அபாயம். ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேற்றுமை வலிமையில் இல்லை; புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா என்பதே. பத்து எனில் தலைக்கு மேல். பதினொன்று ஒன்று உண்டு: எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். ரயில்வே ஊழியர் எவருக்கும் அப்பதினோராம் எண்ணே அதிக அச்சம் தரும்.

கூண்டு மாலுமிக்கு உரைப்பது. கரையிலுள்ள குடிசைவாசிக்கு அதில் ஒன்றும் விளங்காது. இக்குறை நெடுங்காலம் நீடித்தது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டியை, ஊர் நெருங்கிய வேளையில், கடல் வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர், ஒருவரும் மீளவில்லை. கைகாட்டி விளக்கு எரியாததால் ஓட்டுநர் சற்றுக் காத்திருந்து பின் வண்டியை நகர்த்தினார் எனச் சொல்லக் கேட்டிருக்கிறோம். காத்திருக்கும் வண்டிக்குள் பயணிகள் எவ்வளவு நச்சரித்திருப்பார்கள் என்பதை எம் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவர்; அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. சேதமுற்ற பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் செப்பனிட்டார். பிற்காலத்தில் அப்பாலத்தில் காற்றுமானி வைத்தனர்; மணிக்கு 58 கிலோ மீட்டரைக் காற்று மிஞ்சினால் கைகாட்டி தானே சிவப்பாகிவிடுமாறு அமைத்திருந்தனர். யாருடைய தந்திக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஹௌராவிலிருந்து சென்னைக்கு 1,600 கிலோ மீட்டருக்கு மேல் நாம் செல்லும் பாதை முழுவதும் இத்தகைய கரையே. 1977 நவம்பரில் கிருஷ்ணை கழிமுகத்துத் திவிசீமாவில் பதினாயிரம் பேராவது மாண்டனர். 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒரிஸ்ஸாவில் மீண்டும் பதினாயிரத்தை ஒட்டிய சாவு. எரசமா வட்டாரத்தில் நேர்ந்தது சொல்லுந்தரமன்று. அப்போது எச்சரிக்கை இல்லாமலில்லை, வானொலி சொன்னது. மண் வீட்டில் இருப்பவன் வானொலியைக் கேட்டு எங்கே போவான்? ஏறி நிற்க மாடி இல்லை.

ஒரிஸ்ஸா அரசு இதனை உணர்ந்து, பேரிடரை எதிர்கொள்ளத் தனி அமைப்பை அவ்வாண்டே நிறுவி, கடலோரத்தில் நூற்றுக்கணக்கான புகலிடங்களைக் கட்டியது. 2013 ஜூலையில் நாட்டின் தந்திச் சேவை மூடப்பட்டது. மூன்றே மாதத்தில், அக்டோபர் 12 அன்று, கோபால்பூரில் பைலின் புயல் கரையேறியது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 10 லட்சம் மக்களைக் கரையிலிருந்து அகற்றிவிட்டனர். சாவு சில பத்துகளில் நின்றது. 2019-இல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேர். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்தார்கள். பயணச் சீட்டு வீணானதென்று சினந்தவர் நம்மவரிலும் உண்டு! புயல் நாட்களில் ஷாலிமார் யார்டில் நிற்கும் பெட்டிகளைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைத்து வைப்பதை இந்நகரத்தார் பார்த்திருப்பர்.

ஆனால் இவையாவும் கரையில் இருப்போர்க்கு. 2017 நவம்பர் இறுதியில் குமரி முனையருகே ஒக்கி புயல் திரண்டது. 29-ஆம் நாள் தாழ்வழுத்த மண்டலம். மறுநாட் காலையிலேயே புயல். அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றுவிட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்கு அச்செய்தியைக் கொண்டு சேர்க்க வழியே இருக்கவில்லை. பலர் திரும்பவில்லை. அவர்களுக்குக் கரையில் ஏற்றிய கூண்டு எத்தனையாம் எண்ணாயிருந்தால் என்ன? படகுகளில் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகளைப் பொருத்தும் வேலை அதற்குப் பின்னரே தொடங்கியது.